கெடாத் தோட்டப்புறக் குடியிருப்புகளின் திட்டமும் அமைப்பும்

கெடா என்றவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவன கடாரமும் இராசேந்திர சோழனும் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களுமே ஆகும். அவ்வடித்தளங்களின் நீள அகலங்களை அறிஞர்கள் அளந்து வரைந்து நூலாக்கியுள்ளனர். ஆனால் அதே பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் வாழ்ந்த லயங்களை அவ்வாறு அளந்து வரைந்தவர் மிகச் சிலரே. பால்மரத் தோட்டம் தொழிலிடமாக மட்டும் இருக்கவில்லை. அஃது ஒரு குடியிருப்பாகவும் இருந்தது. அக்குடியிருப்பு யாருடைய நோக்கத்திற்காக எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதையும், அத்திட்டத்தில் விடுபட்டுப்போன ஒன்று பின்னாளில் எத்துணை இழப்பைத் தந்தது என்பதையும் இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்வழிக் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிசாரின் மேலாண்மைக்கு மாறியது. அதனையடுத்த ஆண்டுகளில் மாநிலத்தின் தென்பகுதியில் பால்மரத் தோட்டங்கள் விரைந்து பெருகின. அவற்றின் அமைப்பில் ஒரு பொதுத்தன்மையைக் காண்கிறோம். மேட்டில் துரை பங்களா; அதற்குக் கீழே அலுவலகமும் கிராணிமார் வீடுகளும்; பால் கொண்டுவந்து அளக்கும் இஸ்டோரும் புகைக்கூடமும்; தாழ்நிலத்தில் தொழிலாளர் லயங்கள்; லயங்களை ஒட்டி மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகை, ஓரறைப் பள்ளி, கள்ளுக்கடை. பரப்பு பெரியதாயின் தோட்டம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி லயமும் தனிப் பெரட்டுக் களமும் அமைக்கப்பட்டன. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் பிரிவு எண்களுடன் தமிழ்ப்பள்ளிகள் வழங்கி வருவது இவ்வமைப்பின் எச்சமேயாகும்.

இவ்வமைப்பின் உட்கருத்தை விளங்கிக்கொள்ள விடியற்காலைப் பெரட்டை நோக்கினால் போதும். பால் வெட்டு விடியலிலேயே தொடங்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறையும். ஆகவே இருள் பிரியுமுன்பே தொழிலாளர் கூடிப் பெயர் கொடுத்து நிரைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. வீடு பெரட்டுக் களத்திற்கு அருகில் இருந்தால்தான் இது கைகூடும். லயம் ஒரே நீளத்தில் வரிசையாக அமைந்தமைக்கும் இதுவே காரணம். ஒரு கோடியில் நின்று பார்க்கும் தண்டலுக்கு, எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எவர் இன்னும் புறப்படவில்லை என்பது தெரிந்துவிடும். அஞ்சடி என வழங்கிய முன்கூடமும், பொதுக் குழாயும், பொதுக் கழிப்பிடமும் கட்டுமானச் செலவைக் குறைத்தன. அவற்றோடு குடும்பத்திற்குரிய தனிமையையும் குறைத்தன.

கள்ளுக்கடையின் இருப்பிடமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கூலி பெறும் இடத்திற்கும் வீட்டிற்கும் அருகில் அது நின்றதனால் கூலியின் ஒரு பகுதி வீடு சேருமுன்பே அங்குச் சென்றது. 1947ஆம் ஆண்டில் ஏ.எம். சாமி என்பாரின் தலைமையில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு இயங்கிய தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலை முதன்மைப் பணியாக மேற்கொண்டது. அதனைத் தொடர்ந்து காவல் துறையினருடன் ஏற்பட்ட மோதலில் உயிரிழப்பும் நேர்ந்தது. இதனை மதுவிலக்கு இயக்கமாக மட்டும் கொள்வது பொருந்தாது. தங்கள் குடியிருப்பில் எது எங்கே இருக்கலாம் என்பதைக் குடியிருப்போரே முடிவு செய்ய முனைந்த முதல் முயற்சிகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. அடுத்த ஆண்டிலேயே அவசரகாலம் பிறந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் பல ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. திட்டமிடும் உரிமை முற்றாக மேலிடத்திற்கே சென்றது.

வீட்டின் தரத்தைப் பற்றிச் சட்டங்கள் பேசாமலில்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுப்பும், விடுதலைக்குப் பின் 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் குடிநீர், சுகாதாரம், குழந்தைக் காப்பகம் முதலியவற்றைக் குறித்து முதலாளிமார்க்குக் கடமைகளை வகுத்தன. இவற்றால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. எனினும் இவை அனைத்தும் வேலையிலிருக்கும் தொழிலாளியின் வீட்டைப் பற்றியே பேசின. வேலை முடிந்தபின் அக்குடும்பம் எங்கே செல்லும் என்னும் வினா இச்சட்டங்களின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

தோட்டத் திட்டத்தில் விடுபட்டது இதுவே. லயத்து வீடு ஊதியத்தின் ஒரு கூறு, அஃது உடைமையன்று. ஐம்பத்தைந்து வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். விடாதிருக்க ஒரு வழி இருந்தது. மகனோ மகளோ தோட்டத்திலேயே பெயர் பதிந்துகொண்டால் வீடு குடும்பத்திலேயே நிற்கும். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திப் பால்வாளி தூக்கிய பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பெற்றோரின் அறியாமையைக் காரணம் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வீட்டைக் காத்துக்கொள்ள ஒரு பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுத்த குடும்பங்களின் கணக்கை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. குடியிருப்பின் அமைப்பே அக்கணக்கை அவர்கள்மேல் சுமத்தியது.

இக்குறையை முதன்முதலில் பெருமளவில் வெளிப்படுத்தியது தோட்டத் துண்டாடல். 1950களில் அயல்நாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அப்துல் அஸீஸ் ஆராய்ந்து அறிக்கை தந்தார். துண்டான தோட்டத்தில் லயத்துக்கோ பள்ளிக்கோ ஆயாக் கொட்டகைக்கோ பொறுப்பேற்பார் இலர். இந்நிலைக்கு விடையாக 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தைக்கொண்டு சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தையே. லயத்தில் வாழ்வோர் அந்நிலத்தின் பங்குதாரராகவும் ஆக முடியும் என்பதை அது காட்டியது. ஆனால் தோட்டங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் கூட்டுறவின் கைக்கு வந்தவை சிலவே.

பின்னர் வந்த மாற்றம் இதனினும் பெரிது. பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. அதற்கு அத்துணை ஆட்கள் வேண்டியதில்லை. நகரை ஒட்டிய நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் சென்றன. ஹார்வர்ட் என்னும் பெயர் இன்று கோல்ப் திடலுக்கும் தங்கும் விடுதிக்கும் வழங்குகிறது. கூலிமில் 1996ஆம் ஆண்டில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறப்பு விழாக் கண்டது. ஆலைகள், ஆய்வுக்கூடங்கள், வீடுகள், மருத்துவமனை, பொழுதுபோக்குத் திடல் ஆகியவற்றுக்குத் தனித்தனி வட்டாரம் ஒதுக்கி வரையப்பட்ட நகரம் அது. தொழிலிடமும் குடியிருப்பும் ஒரே வரைபடத்தில் அமையும் வகையில் அதுவும் பழைய தோட்டத்தை ஒத்ததே. வேறுபாடு ஒன்றுண்டு, அங்கு வீடு வாங்குவோர் வேலையை இழந்தாலும், வங்கிக் கடனைச் செலுத்தும்வரை வீட்டை இழப்பதில்லை. ஐம்பது வயதைக் கடந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கோ அவ்வங்கிக் கடன் எளிதில் கிட்டுவதன்று.

தோட்டம் மூடப்பட்டபின் நகர்ப்புற மலிவு விலை அடுக்குமாடிகளுக்குச் சென்றோரின் நிலையைத் திட்டமிடுவோர் கூர்ந்து பார்க்க வேண்டும். லயத்து வீடு சிறியதுதான்; ஆனால் அதைச் சுற்றி மாட்டுக்கொட்டிலும் முருங்கையும் கீரைப்பாத்தியும் இருந்தன. பால் விற்ற காசு பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவியது. நான்காம் மாடியில் மாடு கட்ட இயலாது. திருமணப் பந்தலுக்கு இடமில்லை. இறந்தாரைக் கிடத்திச் சுற்றி அமர்ந்து அழுவதற்கும் படிக்கட்டுக்கு அருகே ஒரு கூடம் இல்லை. ஆலையில் இரவு முறை வேலைக்குச் செல்லும் தாய்க்கு ஆயாக் கொட்டகை இல்லை. சுவரும் கூரையும் கழிப்பறையும் முன்பிருந்ததைவிட மேலானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டிற்கு வெளியே நடந்த வாழ்க்கையை எவரும் அளந்து கணக்கில் கொள்ளவில்லை.

கோயில், இடுகாடு, பள்ளி ஆகியவற்றின் நிலையும் அவ்வாறே. தோட்ட நிருவாகத்தின் வாய்மொழி இசைவால் எழுந்தவை இவற்றுட் பல. நிலப்பத்திரம் இல்லாத கோயில், நிலம் கைமாறும்போது வரைபடத்தில் வெற்றிடமாகவே தோன்றும். தோட்டப் பள்ளிகள் பல அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றமைக்கும், அவை நின்ற நிலம் அரசுக்குரியதாக இல்லாமையே காரணம். பெயரில் தோட்டத்தைத் தாங்கிக்கொண்டு வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறிய பள்ளிகள் உள்ளன. மாற இடமின்றி மாணவர் குறைந்து நிற்பனவும் உள்ளன. ஒரு தோட்டம் விற்பனைக்கு வரும்போது, நில அலுவலகத்தில் புதிய வரைபடம் ஏறுமுன்பே பள்ளிக்கும் கோயிலுக்கும் இடுகாட்டிற்கும் தனி நில எண் பெற்றுவிடுவது இன்றும் இயலக்கூடியதே. அதற்குத் தேவை, கிராணி அலுவலகப் பழைய வரைபடங்களும், எது எங்கே இருந்தது என்பதைச் சொல்லக்கூடிய முதியோரும் ஆவர். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அம்முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர்.