சினைப்பை புற்று நோய்: முன்கூட்டி சோதித்தால் உயிர் தப்புமா?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து தமிழ்க் குடும்பங்களில் தாய்மார்கள் வயிறு உப்புசம் என்றால் "கேஸ் டிரபிள்" என்று ஒரு மாத்திரையோடு விட்டு விடுவார்கள். மறுபுறம், சோதனைக் கூடங்கள் "பெண்களுக்கான புற்று நோய் பேக்கேஜ்" என்று விளம்பரம் செய்கின்றன. சினைப்பை (கருமுட்டைப் பை) புற்று நோய்க்கான "சி.ஏ.125" ரத்த சோதனையும் அதில் சேர்ந்திருப்பது உண்டு. மாதச் சம்பளக்காரர் இதற்குப் பணம் கட்டலாமா?

உடலில் எந்தத் தொல்லையும், குடும்பத்தில் இந்த நோயும் இல்லாத பெண்ணுக்கு அது வீண் செலவு என்பதே ஆராய்ச்சிகள் தரும் பதில்.

2 லட்சம் பெண்கள்

பிரிட்டனில் 2001-ல் தொடங்கி, 50 முதல் 74 வயது வரை உள்ள 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் ரத்த சோதனை, இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேன். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 2021-ல் முடிவு வெளியாயிற்று. ரத்த சோதனை செய்த பிரிவில் ஆரம்ப நிலையிலேயே பலருக்கு நோய் தெரிந்தது. ஆனால் சாவு குறையவில்லை!

அமெரிக்க ஆராய்ச்சி 2011-ல் சொன்னது இன்னும் கொடுமை. புற்று நோய் இல்லாத 3,285 பெண்களுக்கு "இருக்கலாம்" என்று சோதனை காட்டியது. அவர்களில் 1,080 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. 163 பேர் கடுமையான பின்விளைவுக்கு ஆளானார்கள்.

கருப்பைக் கட்டி, வயிற்றில் காச நோய், ஏன், மாதவிலக்கின்போது கூட சி.ஏ.125 அளவு கூடும். அதுதான் சிக்கல்.

அதற்காக எல்லா சோதனையும் வீண் என்று எண்ணிவிடக் கூடாது. கருப்பை வாய் புற்று நோய் வேறு. திண்டுக்கல் மாவட்டத்தில் வினிகர் போன்ற அமிலத்தைத் தடவி நர்சுகள் கண்ணால் பார்த்த எளிய சோதனையால், அந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் அறிவித்தார்கள். அந்தச் சோதனையைத் தவற விடலாகாது.

குழாயை எடுப்பதா?

சினைப்பை புற்று நோய் பலருக்குக் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது கருதப்படுகிறது. எனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் குழாயைக் கட்டாமல் முழுவதுமாக எடுத்துவிடலாம் என்கிறார்கள் ஒரு சாரார். கட்டுவதாலேயே ஆபத்து ஓரளவு குறைகிறது. எடுத்தால் இன்னும் குறையும் என்பது அவர்கள் வாதம்.

எடுத்த குழாயை மீண்டும் இணைக்க முடியாதே என்பது மறு சாராரின் கவலை. இது லேசான கவலை அல்ல. 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழகத் தாய்மார்கள், கட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள அரசே உதவியது.

தாய், சகோதரிக்கு மார்பக அல்லது சினைப்பை புற்று நோய் இருந்த பெண்களின் கதை வேறு. அவர்கள் டாக்டரிடம் மரபணு சோதனை பற்றிக் கேட்க வேண்டும். பரம்பரைக் கோளாறு உறுதியானால், பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் குழாயையும் எடுத்துவிடும்படி டாக்டர்கள் ஆலோசனை சொல்கிறார்கள்.

வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்புவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை சில வாரங்களாக விடாமல் இருந்தால், குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்கள், மாத்திரையோடு நிற்கக் கூடாது. அப்போது அதே ரத்த சோதனையும் ஸ்கேனும் அவசியமாகி விடுகின்றன. இ.எஸ்.ஐ. கார்டு உள்ள குடும்பத்துக்கு ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கம்தான். புற்று நோய்க்கென்றே ஓசூர் ரோட்டில் 1973-ல் தொடங்கப்பட்ட கித்வாய் ஆஸ்பத்திரி இருக்கிறது.