வாயில் இரும்பு ருசி: அலர்ஜி தீர்ந்த பின்னும் ஏன்?



"அரிப்பும் தடிப்பும் போய்விட்டது ஐயா. வாயில் மட்டும் துருப்பிடித்த ஆணியை வைத்ததுபோல ஒரு ருசி நிற்கிறது." அலர்ஜிக்குச் சிகிச்சை பெற்றவர்கள் வார்டில் இப்படிச் சொல்வதுண்டு. டாக்டரிடம் சொல்ல இது அற்பக் காரியம் என்று எண்ணி, பார்க்க வருகிற போதகரிடம் சொல்வார்கள். சிலர் விஷம் இன்னும் உள்ளே தங்கியிருக்கிறது என்று பயந்து, வீட்டுக்குப் போனதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே இதன் காரணங்களை அறிந்துகொள்வது நல்லது.

அந்த ருசி எப்போது ஆரம்பித்தது என்பதே முதல் கேள்வி. பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கிறது.

அலர்ஜியோடு கூடவே வந்தால், அது எச்சரிக்கை. ஊசி போட்ட சில நிமிஷங்களில், அல்லது கதண்டோ தேனீயோ கொட்டியவுடன், வாயில் உலோக ருசி தோன்றி, உள்ளங்கை அரிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவையும் சேர்ந்தால், கடும் அலர்ஜி தொடங்கிவிட்டது என்று பொருள். இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம். அவில் மாத்திரை இதற்கு ஈடாகாது. சுகமானதுபோலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும். அதனால்தான் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை.

மீன் சாப்பிட்ட பின் வந்தால், அது அலர்ஜியாகவே இல்லாதிருக்கலாம். மதுரைக்குக் கடல் கிடையாது. ராமேசுவரம், தூத்துக்குடி மீன் வெகுதூரம் பயணம் செய்து நம் சட்டிக்கு வருகிறது. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்கள் போதிய ஐஸ் இல்லாமல் கிடந்தால், கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அலர்ஜியின்போது நம் சரீரமே சுரக்கிற அதே பொருள்தான் இது. மீனைக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, படபடப்பு வரும். வாயில் மிளகுக் காரமோ உலோக ருசியோ தோன்றும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். சேர்ந்து சாப்பிட்ட பலருக்கும் வந்திருந்தால் சந்தேகம் மீன் கெட்டதன்மேல் விழ வேண்டும். இதை அறியாதவர்கள் "எனக்கு மீன் ஆகாது" என்று ஆயுசு முழுவதும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு மாத்திரம் வந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் வந்தால், மெய்யான அலர்ஜியா என்று பரிசோதிக்க வேண்டும்.

அலர்ஜி அடங்கிய பின் ஆரம்பித்தால், பெரும்பாலும் மருந்தே காரணம். அரிப்பை நிறுத்தும் மாத்திரைகளில் பல, உமிழ்நீரைக் குறைக்கின்றன. ருசியை நாக்கின் மொட்டுகளுக்குக் கொண்டு சேர்ப்பது உமிழ்நீர். அது வற்றினால் ருசி மாறும். வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் கொடுக்கிற மெட்ரோனிடசோல் உமிழ்நீரிலேயே கலந்து உலோக ருசி தருவதில் பேர்போனது. சர்க்கரை வியாதிக்கான மெட்ஃபார்மினும் அப்படிச் செய்வதுண்டு. ஸ்டீராய்டு மருந்தை மூச்சில் இழுப்பவர்களுக்கு நாக்கில் வெண்மையாகக் காளான் படரலாம். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்தால் பெரும்பாலும் தடுக்கலாம். தூசி அலர்ஜியால் மூக்கு அடைத்திருந்தாலும் ருசி கெடும். வாசனையும் ருசியும் இணைபிரியாதவை என்பதை 2020-க்குப் பின் கொரோனா கண்ட அநேகர் அனுபவத்தில் அறிந்தார்கள்.

நாக்கின் ருசி அணுக்கள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாகின்றன. ஆகவே மருந்து முடிந்து இரண்டொரு வாரத்தில் பெரும்பாலோருக்கு ருசி திரும்பிவிடும்.

அதற்கு மேலும் நீடித்தால், அலர்ஜியை விட்டு வேறு காரணம் தேட வேண்டும். ஈறில் இரத்தம் கசிகிறதா? இரத்தத்திலுள்ள இரும்பே அந்த ருசி. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கிறீர்களா? புளி செம்பைக் கரைக்கும். தோல் அரிப்புக்காகப் பஸ்பம், செந்தூரம் சாப்பிடுகிறீர்களா? அவற்றில் உலோகங்கள் உண்டு. மறைக்காமல் பொட்டலத்தையே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டாலும் இதே ருசி வரும். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

இரண்டு காரியங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, ருசி பிடிக்கவில்லை என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதிருங்கள். விசேஷமாக ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரம் சாப்பிட்டவர்கள் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, எந்த மருந்தால் அலர்ஜி வந்ததோ அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, பணப்பையில் வையுங்கள். "ஏதோ ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் அடுத்த ஆஸ்பத்திரியில் அதே மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். பெயர் எழுதின சிறு சீட்டு அந்த ஆபத்தைத் தடுக்கும்.

உங்கள் வீட்டிலோ அண்டையிலோ வியாதியஸ்தர் ஒருவர் இப்படிச் சொன்னால், "சரியாகிவிடும்" என்று மாத்திரம் சொல்லி அனுப்பாதிருங்கள். எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டார், என்ன மருந்து எடுக்கிறார் என்று பொறுமையாய்க் கேட்டு, டாக்டரிடமும் சொல்லச் செய்யுங்கள்.