காதில் விழுகிறது, புரியவில்லையே!

படித்தால் புரிகிற ஆங்கிலம், போனில் கேட்டால் மட்டும் ஏன் புரிவதில்லை? நேர்காணலுக்கு அழைத்தவர் 'வாட்டயா டூயிங் நவ்' என்கிறார். நாம் 'யெஸ் சார்' சொல்லிவிட்டு முழிக்கிறோம். அவர் கேட்டதோ 'வாட் ஆர் யூ டூயிங் நவ்', அதாவது இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதுதான். பள்ளியில் படித்த வாக்கியமேதான்!

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லைங்க. நாமும் 'வந்து கொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு, 'வந்துட்டிருக்கேன்' என்றுதானே பேசுகிறோம்? புத்தகத்தில் தமிழ் கற்ற வெளிநாட்டவர் அதைக் கேட்டால் அவரும் முழிப்பார். ஆங்கிலத்தில் பொருள் தரும் சொற்களை அழுத்திச் சொல்லி, இடையில் வரும் சின்னச் சொற்களை விழுங்கிவிடுவார்கள். 'டிட் யூ' என்பது 'டிஜு' ஆகும். 'கோயிங் டு' என்பது 'கனா', 'வான்ட் டு' என்பது 'வானா', 'டெல் ஹிம்' என்பது 'டெலிம்'. அமெரிக்கர் வாயில் 'வாட்டர்' கூட 'வாடர்'தான்.

இவற்றைப் பழக்கத்தில் பிடித்துவிடலாம். உண்மையில் ஆபத்தானவை 'கேன்', 'கான்ட்' இரண்டும்தான். 'முடியும்' என்று சொல்லும்போது, வாக்கியத்தின் நடுவில் அது மெலிந்து 'ஐ கன் கம்' என்று ஒலிக்கும். 'முடியாது' என்னும்போது அமெரிக்கர்கள் கடைசி 'ட்'டைப் பெரும்பாலும் விழுங்குவார்கள். ஆனால் 'கேன்' அழுத்தமாக நிற்கும். அதனால் 'ட்' கேட்கிறதா என்று காத்திருக்காமல் அழுத்தத்தைக் கவனியுங்கள். இதில் இன்னொரு வேடிக்கை: நாம் 'ஐ கேன் கம்' என்று அழுத்திச் சொன்னால், வர முடியாது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவும் கூடும்!

அடுத்தது 15, 50 குழப்பம். 'ஃபிஃப்டீன்' என்பதில் பின்பகுதி நீளும், 'ஃபிஃப்டி' முன்பகுதியில் அழுந்தும். ஆனால் வேகப் பேச்சில் இதை நம்ப முடியாது. வெளிநாடு செல்லும் செவிலியருக்கு இது மருந்தின் அளவு. தவறினால் நோயாளிக்குத்தான் கேடு. எனவே 'ஒன் ஃபைவ்? ஃபைவ் ஜீரோ?' என்று இலக்கங்களைப் பிரித்துக் கேட்டுவிடுங்கள். மருத்துவத் துறையிலேயே பரிந்துரைக்கப்படும் முறைதான் இது, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

பயிற்சிக்கு ஒரு நிமிட ஆங்கில உரையாடல் போதும். முதலில் எழுத்து தெரியாமல் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். பிறகு ஆங்கில வசன வரிகளோடு ஒப்பிடுங்கள். தமிழ் வரிகள் வேண்டாம், கண் அதிலேயே போய்விடும். தவறிய இடத்தை அவர்கள் வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாய்க்குப் பழகியது காதுக்கும் பிடிபடும். ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். தேர்வுக்கு முந்தைய வாரம் தொடங்கினால் போதாது.

நேர்காணல் போனில் புரியாவிட்டால் வெறும் 'சாரி' என்றால், அவர் அதே வேகத்தில் மறுபடி சொல்வார். புரிந்ததைச் சொல்லி, புரியாததை மட்டும் கேளுங்கள்: 'மண்டே, ஓகே சார். விச் டைம்?'