அரை மீட்டர் தள்ளிப்போன கோடு

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு பள்ளித் திடலில் கூடைப்பந்துக் கம்பம் நடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தை எவ்வளவு உயரத்தில் பொருத்த வேண்டும்? 3.05 மீட்டர். சென்னையில் நட்டாலும் அதே உயரம்தான். பாரிஸில் நட்டாலும் அதேதான்.

அது என்ன 3.05? மூன்று மீட்டர் என்று முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா? இதற்கு விடை காண 1891 டிசம்பருக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டை உருவாக்கினார் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர். உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு பழக்கூடையை ஆணியடித்து மாட்டினார். அந்த மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது. 10 அடி என்பது 3.05 மீட்டர். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

வளையத்தின் உயரம் 130 ஆண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. ஆனால், ஆட்டத்தின் மற்ற விதிகள் பல மாறியிருக்கின்றன. விதி மாறினால் ஆடுபவரின் கை என்ன செய்யும்? பல ஆண்டுகள் பழகியதை விட்டுவிட்டுப் புதிதாகக் கற்க முடியுமா? 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடி ஓய்வு பெற்ற ஒரு தமிழ்நாட்டு வீராங்கனையின் வாழ்க்கையைத் துணையாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

பள்ளி வயதில் நாட்டுக்காக

அனிதா பால்துரை 1985இல் சென்னையில் பிறந்தவர். 2000ஆம் ஆண்டில் இந்திய அணிக்கு ஆடத் தொடங்கினார். அப்போது அவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவரானார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பொறுப்பு அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. எட்டு ஆண்டுகள் அணியை நடத்தினார். 2017 வரை ஆடினார். ஆசியக் கூடைப்பந்துப் போட்டி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடப்பது. அதில் ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண் இவரே.

இந்த ஒன்பது என்ற எண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளியை முடித்து, கல்லூரியை முடித்து, வேலைக்குச் சேர்ந்து, முப்பது வயதைத் தாண்டும் காலம் அது.

சம்பளம் எங்கிருந்து வந்தது?

உலகக் கூடைப்பந்து அமைப்பின் பெயர் ஃபிபா. 1932இல் ஜெனீவாவில் தோன்றிய இந்த அமைப்பின் பெயர் பிரெஞ்சு மொழிச் சொற்களின் சுருக்கம். கடைசி எழுத்தான 'ஆ' முதலில் 'அமத்தேர்' என்ற சொல்லைக் குறித்தது. பிரெஞ்சு படிக்கும் புதுச்சேரி மாணவர்களுக்கு அதன் பொருள் தெரிந்திருக்கும்: காசுக்காக அன்றி, விரும்பிச் செய்பவர். 1989இல் இந்த வேறுபாட்டை ஃபிபா கைவிட்டது. அதனால் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் முதன்முறையாக ஆடினார்கள்.

ஆனால், அனிதா ஆடிய காலத்தில் இந்தியப் பெண்கள் ஆட்டத்தை மட்டுமே நம்பி வாழ்வதற்கு நிலையான தொழில்முறைப் போட்டி நம் நாட்டில் இல்லை. கேரளத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் 2006 முதல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை அணிகளின் தேர்விலும் பங்கேற்றார். இவை அரிய வாய்ப்புகள். நம் வீராங்கனைகள் பலருக்குச் சோறு போட்டது ரயில்வே வேலைதான். அனிதாவும் தெற்கு ரயில்வே ஊழியரே.

கோடு நகர்ந்தது

இனி நம் கேள்விக்கு வருவோம். ஆடுகளத்தில் வளையத்தைச் சுற்றி ஒரு பெரிய வளைகோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வெளியே நின்று கூடையில் போட்டால் மூன்று புள்ளிகள். உள்ளே நின்று போட்டால் இரண்டு. ஃபிபா 1984இல் இந்தக் கோட்டைக் கொண்டுவந்தபோது, வளையத்தின் மையத்துக்கு நேர் கீழேயுள்ள இடத்திலிருந்து 6.25 மீட்டர் தொலைவில் போட்டது. 2010 அக்டோபரில் அதை 6.75 மீட்டருக்குத் தள்ளியது.

அரை மீட்டர்தானே, ஓர் எட்டு தூரம்கூட இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பந்து தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கையை விட்டுப் புறப்படுகிறது என்று கொள்வோம். எறியும் கோணம் கிடைமட்டத்துக்கு 50 பாகை. காற்றின் தடையை விட்டுவிடுவோம். பந்து பரவளையப் பாதையில் செல்லும். 6.25 மீட்டர் தொலைவிலிருந்து வளையத்தின் நடுவில் விழ, பந்து நொடிக்கு 8.5 மீட்டர் வேகத்தில் புறப்பட வேண்டும். 6.75 மீட்டர் தொலைவிலிருந்து என்றால் நொடிக்கு 8.8 மீட்டர்.

வேகத்தில் வேறுபாடு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், கை கொடுக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது.

புதிய கோட்டில் நின்றுகொண்டு பழைய பழக்கத்தில் பழைய வேகத்திலேயே எறிந்தால்? பந்து வளையத்தின் மையத்துக்கு அரை மீட்டர் முன்னாலேயே இறங்கிவிடும். வளையத்தின் விட்டமோ 45 செ.மீ.தான். ஆகவே பந்து உள்ளே விழாது.

வாய் சிறுத்துப் போகிறது

இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெண்கள் ஆடும் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. வளையத்தின் வாய் அதைப்போல் இரு மடங்கு. அப்படியானால் தாராளமான இடம் என்று எண்ணாதீர்கள். பந்து நேர் மேலிருந்து விழுவதில்லை, சாய்வாக வருகிறது. சாய்வாகப் பார்க்கும்போது வட்டம் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும் அல்லவா? நம் கணக்கின்படி 6.75 மீட்டரிலிருந்து வரும் பந்து ஏறக்குறைய 41 பாகைக் கோணத்தில் இறங்குகிறது. அந்தப் பந்துக்கு வளையத்தின் 45 செ.மீ. வாய் 30 செ.மீ. அளவாகவே 'தெரியும்'. 31 பாகைக்கும் குறைவாகத் தட்டையாக வரும் பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. பந்தை உயரமாக வளைத்து எறியும்படி பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் பந்து வளையத்தைத் தொடாமல் விழ வேண்டுமானால், அது மையத்திலிருந்து முன்னும் பின்னும் 5 செ.மீ. அளவுக்கே விலகலாம். வேகத்தில் இது ஆயிரத்தில் மூன்று பங்கு. விளிம்பில் பட்டு உள்ளே விழும் பந்துகளும் உண்டு, பலகையும் உதவும். ஆனாலும் நல்ல கைக்கு வேண்டிய துல்லியம் இந்த அளவில்தான் இருக்கிறது.

கை எப்படிக் கற்கிறது?

இவ்வளவு நுட்பமான வேகத்தை யாரும் மனக்கணக்காகப் போட்டு எறிவதில்லை. எறியும் ஒவ்வொரு முறையும் மூளை தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. பந்து எங்கே விழுந்தது என்பதைக் கண் பார்க்கிறது. கையும் காலும் எப்படி அசைந்தன என்ற செய்தி தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகளிலிருந்து வருகிறது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள பிழையைக் கொண்டு அடுத்த கட்டளை திருத்தப்படுகிறது. இந்தத் திருத்தத்தில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. தவறிய எறிதலும் வீணல்ல. அடுத்த எறிதலைத் திருத்துவது அதுதான்.

கூடுதல் ஆற்றலைத் தோளிலிருந்து மட்டும் எடுத்தால் குறி கெடும். முழங்காலை மடக்கி எழும்பும்போது கால்களின் பெரிய தசைகள் தரும் உந்துதல், உடல் வழியாகக் கைக்கு வந்து சேர வேண்டும். கோடு நகர்ந்தபோது அனிதா பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் காலத்து ஆட்டக்காரர்கள் அனைவரும் பழகிப்போன அசைவைத் தலை முதல் கால்வரை திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? அரை ஆடுகளத்தில் ஆளுக்கு மூவராக ஆடும் புதிய ஆட்டத்திலும் அனிதா இறங்கினார். 2012இல் சீனாவின் ஹையாங் நகரில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டுகளிலும், 2013இல் தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியிலும் அவர் இருந்த அணி தங்கம் வென்றது.

மீண்டும் ஒரு முறை

பின்னர் அவர் தாயானார். கருவுற்ற காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிற்றுத் தசைகள் விரிகின்றன. எழும்பும் வலிமையையும், சட்டென்று திரும்பும் உறுதியையும் படிப்படியாகவே திரும்பப் பெற முடியும். 'குழந்தை பிறந்தால் ஆட்டம் முடிந்தது' என்று பெண்களிடம் சொல்வோர் இன்றும் உண்டு. அனிதா ஆடுகளத்துக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. அவர் இடம்பெற்ற இந்திய அணி இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. வேறுபாடு இரண்டே புள்ளிகள். அதாவது ஒரே ஒரு கூடை.

தேசியப் போட்டிகளில் 30 பதக்கங்கள் பெற்ற அவருக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

மேசைப் பந்தின் விட்டம் 4 செ.மீ. ஓர் அட்டையில் 7.8 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தை வெட்டி எடுங்கள். பந்துக்கும் துளைக்கும் உள்ள விகிதம், கூடைப்பந்துக்கும் வளையத்துக்கும் உள்ள அதே விகிதம். அட்டையைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதலில் நேர் மேலிருந்தும், பிறகு சாய்வாகவும் துளையைப் பாருங்கள். எந்தக் கோணத்தில் துளை பந்தின் அகலத்துக்கு ஒடுங்குகிறது? கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, திடலில் வளையத்துக்கு நேர் கீழிருந்து நாடாவால் அளந்து, 4 மீட்டரில் ஒரு கோடும் 4.5 மீட்டரில் ஒரு கோடும் சுண்ணாம்பால் போடுங்கள். முதல் கோட்டிலிருந்து 50 முறை எறியுங்கள். உடனே பின்னால் நகர்ந்து, இரண்டாவது கோட்டிலிருந்து 50 முறை எறியுங்கள். பத்துப் பத்தாக எத்தனை பந்துகள் விழுந்தன என்று எழுதி வைத்து வரைபடம் போடுங்கள். கோடு மாறிய இடத்தில் உங்கள் வரைபடம் எவ்வளவு இறங்குகிறது, எத்தனை எறிதல்களுக்குப் பின் மீண்டும் ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்து, இரண்டு வரைபடங்களையும் ஒப்பிடுங்கள்.