பெயரும் படிவமும்

“தங்கள் குடும்பப் பெயர் யாது?” என்ற கேள்விக்கு ஆளாகாத தமிழர் வெளிமாநிலங்களில் ஒருவரும் இரார். பள்ளியில் சேர்க்கும் அன்றே குழந்தைக்கு அக்கேள்வி வந்துவிடுகிறது. வங்கியிலும் மருத்துவமனையிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் அது தொடர்கிறது. முன்னாட்களில் கேட்டவர் மனிதர். “எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை, ஐயா” என்று எடுத்துரைத்தால், சற்று வியந்துவிட்டு, இடத்தைக் காலியாக விட்டு மேலே எழுதுவார். இன்று கேட்பது கணிப்பொறி. கட்டத்தைச் சிவப்பாக்கி, “இதனை நிரப்புக” என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதனிடம் எடுத்துரைக்க வழியில்லை.

ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் நாள்தோறும் பெயர்களோடு பழகுகிறவர்கள். முன்பதிவுப் படிவத்தில் பயணியின் பெயருக்கு இருப்பது ஒரே கட்டம். குடும்பப் பெயர் எது, இயற்பெயர் எது என்று ரயில் கேட்பதில்லை. ஆயினும் பயணி ஊர் போய்ச் சேருகிறார். அவ்வாறிருக்க, மற்றக் கணிப்பொறிகளுக்கு மட்டும் இரண்டு, மூன்று கட்டங்கள் ஏன் தேவைப்படுகின்றன?

காரணம் இயந்திரத்தில் இல்லை. அதற்கு மென்பொருள் எழுதியவரின் ஊர் வழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் முதலிய மேல்நாட்டாருக்கு இயற்பெயர் ஒன்று, தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் ஒன்று. கடிதத்தில் விளிப்பதும், ஏடுகளில் அகரவரிசைப்படுத்துவதும் குடும்பப் பெயரைக் கொண்டே. அந்நாட்டில் மென்பொருள் எழுதியவர்கள் தம் வீட்டு வழக்கமே உலக வழக்கம் என்று எண்ணிவிட்டனர். ஜப்பானில் வாழ்ந்த பாட்ரிக் மெக்கன்சி என்னும் அமெரிக்க மென்பொருளாளர், பெயர்களைப் பற்றித் தம் தொழிலினர் கொண்டுள்ள தவறான நம்பிக்கைகள் என 40-ஐ 2010-ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். பெயர் என்றும் மாறாது என்பதும், உறவினர் அனைவருக்கும் பொதுப் பெயர் ஒன்று இருக்கும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

உலகத்தைச் சற்றே நோக்கினால் இந்நம்பிக்கைகள் நிற்கமாட்டா. ஐஸ்லாந்து நாட்டினர் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்ற விகுதி சேர்த்து வழங்குகின்றனர். 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த பர்மியர் ஊ தாண்டுக்கு இருந்தது ‘தாண்ட்’ என்ற ஒரே பெயர். ‘ஊ’ என்பது மரியாதைச் சொல். நம் பாரத நாட்டிலோ மாநிலத்துக்கு ஒரு முறை. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பதில் இயற்பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் மூன்றும் வரிசையாக உள்ளன. சீக்கியர் வீட்டில் அண்ணன் சிங், தங்கை கௌர். ஒரே வயிற்றில் பிறந்தவர்க்கு இரு வேறு கடைசிப் பெயர்கள்!

நம்மவர் முறை தலைப்பெழுத்து முறை. அதிலும் ஒரே விதி இல்லை. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் ‘எம்’ மதுரை. ‘எஸ்’ அன்னை சண்முகவடிவு. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்துக்கு ஆனந்த் என்பதே பெயர், விசுவநாதன் தகப்பனார். மேல்நாட்டாரோ அதனை முதற்பெயராகக் கொண்டு, ‘விஷி’ என்று சுருக்கி மகனை அழைத்தனர். நம் பிள்ளைகளும் அலுவலகங்களில் தகப்பன் பெயரால் விளிக்கப்பட்டு, ஒரு கணம் தாமதித்தே திரும்பிப் பார்க்கின்றனர்.

இது வேடிக்கையோடு நின்றால் பாதகமில்லை. ஆதார் அட்டையில் முழுப் பெயருக்கு ஒரே கட்டம். ஆகையால் அங்கே ‘எஸ். முருகன்’ என்று பதிவாகிறது. வருமான வரி அட்டைக்கோ தலைப்பெழுத்து ஆகாது, விரித்தெழுத வேண்டும். அங்கே அவர் ‘முருகன் சுந்தரம்’ ஆகிறார். மனிதக் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரத்துக்கு இருவர். அவ்வட்டை எண்ணின் 5-ஆம் எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து என்பது விதி. நம்மவர் எண்ணில் பெரும்பாலும் தகப்பனாரின் எழுத்தே அங்கு அமர்ந்திருக்கும். பெண்மக்கள் நிலை இன்னும் கடினம். திருமணத்துக்குப் பின் தந்தையின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வருகிறது. பள்ளிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் வெவ்வேறு பெண்களுடையன போல் ஆகிவிடுகின்றன.

கடல் கடந்தால் சிக்கல் முற்றுகிறது. கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் அதுவே குடும்பப் பெயராகி, இயற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் கண்ணெதிரே இருக்க, தெரியவில்லையாம்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயருள்ளவரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தகப்பனார் பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது.

முகவரியின் கதையும் இதுவே. சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இடையே சாய்கோடு இட்டால் பல கணிப்பொறிகள் ஏற்பதில்லை. கிராமத்தில் தெருவுக்குப் பெயர் இராது. மாரியம்மன் கோயிலுக்குக் கிழக்கே என்பதே அடையாளம். நிரந்தர முகவரி என்ற கட்டமோ நம்மைத் திகைக்க வைக்கிறது. குடியிருப்பு மாற்றலுக்கு மாற்றல் மாறும். ஊரில் பாட்டனார் வீடு கைமாறி ஆண்டுகள் பல ஆகியிருக்கும். எதனை நிரந்தரம் என்பது? நாட்டு நடப்பை அறிந்து திட்டமிட்டால் வழி பிறக்கும் என்பதற்குச் சான்று அஞ்சல் குறியீட்டு எண். ஒரே பெயருடைய ஊர்கள் பல, மொழிகள் பல என்பதை உணர்ந்தே 1972 ஆகஸ்டு 15-இல் 6 இலக்க எண் புகுத்தப்பட்டது. அது எவரையும் தம் ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. காலிக் கட்டத்தை நிரப்ப எளிய வழி என்று நம்மவர் சிலர் சாதிப் பெயரை எழுதிவிடுகின்றனர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானித்தது. பின்வந்த தலைமுறைகளில் பெருந்திரளான தமிழர் அதனைக் கைக்கொண்டனர். பெரியோர் மனமுவந்து துறந்த ஒன்றை ஒரு வெற்றுக் கட்டத்தின் பொருட்டு நம் குழந்தைகளின் தலையில் மீண்டும் ஏற்றுவது தகுமா? ஒருமுறை பள்ளிச் சான்றிதழில் ஏறிவிட்டால் அது பேரன் வரை தொடரும்.

ஆகவே நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில. குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலேயே தலைப்பெழுத்தை விரித்து எழுதுவிக்க வேண்டும். தந்தை பெயரோ தாய் பெயரோ, எது கடைசியில் நிற்பது என்பதை வீட்டிலுள்ளோர் கூடி முன்னரே முடிவு செய்தல் நலம். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலைத் தாளொன்றில் குறித்து வைத்து, எங்கும் அவ்வாறே எழுதவேண்டும். செல்வி என்பதை ஓரிடத்தில் ‘எஸ்’ கொண்டும் மற்றோரிடத்தில் ‘சி’ கொண்டும் தொடங்கினால் தொல்லைக்கு நாமே வித்திட்டவர்கள் ஆவோம்.

இவை யாவும் தற்காப்பு. உண்மைப் பரிகாரம் நம் சங்கக் குடும்பங்களின் இளைஞர் கையில் இருக்கிறது. பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் எண்ணிறந்தோர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது: முழுப் பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். எவ்வாறு அழைக்கவேண்டும் என்பதற்கு மற்றொன்று வையுங்கள். ஓரெழுத்தையும், புள்ளியையும், சாய்கோட்டையும் தள்ளாதீர்கள். முகவரியை எழுதுபவர் தாம் அறிந்தவாறு எழுத இடம் விடுங்கள். முகமறியாத ஒரு தாய் தன் குழந்தைக்கு இட்ட பெயர், நீங்கள் வரையும் கட்டத்தில் சிதையாமல் இருக்கட்டும்.