சுபா (இரட்டை எழுத்தாளர்கள்)

சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் ஆகிய இருவரும் இணைந்து எழுதும் புனைபெயர். முதற்பெயரின் ‘சு’வும் இரண்டாம் பெயரின் ‘பா’வும் சேர்ந்தது இது. பெயரை மட்டும் பார்ப்பவர்கள் ஒரு பெண் எழுத்தாளர் என்றே எண்ணக்கூடும். மாத நாவல், தொடர்கதை, திரைக்கதை, வசனம் எனப் பல வடிவங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரே பெயரில் இருவரும் எழுதியுள்ளனர்.

மாத நாவல்கள்

1980-களிலும் 1990-களிலும் தமிழ்நாட்டில் மாத நாவல்கள் மிகுதியாக விற்பனையாயின. ரயில் பாதை இல்லாத பெரம்பலூர் போன்ற ஊர்களில் பேருந்து நிலையக் கடையே வாசகருக்குப் புத்தகக் கடையாக இருந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோருடன் சுபாவின் பெயரும் அங்கே தவறாமல் தொங்கியது.

‘ஈகிள்ஸ் ஐ’ என்ற துப்பறியும் நிறுவனத்தில் பணிபுரியும் நரேந்திரன், வைஜயந்தி ஆகியோரும், செல்வா, முருகேசன் ஆகியோரும் சுபா படைத்த புகழ்பெற்ற பாத்திரங்கள். இவர்களும் இணைகளாகவே வருவது கவனிக்கத்தக்கது. தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் வெளியிட்ட தொகுப்பில் வைஜயந்தி வரும் சுபாவின் கதை ஒன்று இடம்பெற்றது.

திரைப்படங்கள்

பத்திரிகைப் புகைப்படக் கலைஞராக இருந்து ஒளிப்பதிவாளரான கே. வி. ஆனந்த், ‘கனா கண்டேன்’ (2005) படத்தின் மூலம் இயக்குநரானார். அப்படத்திலும், தொடர்ந்து ‘அயன்’ (2009), ‘கோ’ (2011), ‘மாற்றான்’ (2012), ‘அனேகன்’ (2015), ‘கவண்’ (2017) ஆகியவற்றிலும் சுபா அவருடன் பணியாற்றினர். இவற்றுள் ‘மாற்றான்’ உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையரின் கதை. ஆனந்த் 2021-இல் காலமானார்.

விஷ்ணுவர்தனின் ‘ஆரம்பம்’ (2013), மோகன் ராஜாவின் ‘தனி ஒருவன்’ (2015) ஆகியவற்றிலும் சுபாவின் பங்கு உண்டு. ஆனந்த விகடனில் சுபா எழுதிய ‘யட்சன்’ தொடர்கதை 2015-இல் அதே பெயரில் படமானது.

அயல்நாட்டு ஒப்பீடு

தொலைக்காட்சி அசைவூட்டப் படங்களிலும் இத்தகைய இணை உண்டு. அமெரிக்காவின் ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் இருவரும் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தில் ஒலித் தொகுப்பாளர்களாக இருந்து எழுத்தாளர்களானவர்கள். அவர்கள் உருவாக்கிய ‘ஸ்கூபி-டூ’ தொடர் 1969 செப்டம்பர் 13-இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. நான்கு இளைஞர்களும் ஒரு நாயும் ‘பேய்’களின் முகமூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மனிதரைக் காட்டும் துப்பறியும் கதை அது. 1977-இல் இருவரும் தங்கள் பெயரிலேயே ரூபி-ஸ்பியர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 2020-இல் ரூபி ஆகஸ்டிலும் ஸ்பியர்ஸ் நவம்பரிலும் காலமாயினர்.

ரூபி-ஸ்பியர்ஸ் என்ற பெயரில் இரண்டு மனிதர்கள் தெரிகிறார்கள். சுபா என்ற பெயரில் அந்த எல்லைக்கோடும் இல்லை.

கூட்டுப் பெயரும் உரிமையும்

இருவர் எழுதும்போது எழும் முதல் கேள்வி, ‘இதில் உன் பங்கு எது, என் பங்கு எது?’ என்பதே. வெற்றி வரும்போது இக்கேள்வி வலுக்கும். இசையில் விசுவநாதன்–ராமமூர்த்தி இணை 1965-இல் பிரிந்தது. ‘ஷோலே’ (1975) எழுதிய இந்தித் திரைக்கதை இணையான சலீம்–ஜாவேத் 1980-களின் தொடக்கத்தில் பிரிந்தனர். பிரிந்தபின் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தத்தம் பெயர் மிஞ்சியது.

சுபா போன்ற பெயரின் நிலை வேறு. நல்ல வரிக்கான பாராட்டும் பிழைக்கான பழியும் இருவரையுமே சேரும். எந்த வரி யாருடையது என்று வாசகரால் பிரித்துச் சொல்ல முடியாது. இருவரும் பிரிந்தால் அந்தப் பெயர் தனியாக ஒருவருக்கும் பொருந்தாது; ‘சு’ மட்டும், ‘பா’ மட்டும் பெயராகா. ஆகவே இப்படிப் பெயர் சூட்டிக்கொள்வது, தனக்கென ஒரு பெயர் ஈட்டும் வாய்ப்பை இருவரும் விட்டுக்கொடுப்பதாகும்.

துப்பறியும் கதைக்கு இணை எழுத்தால் ஒரு பயனும் உண்டு. முடிச்சைப் போட்டவருக்கு விடை முன்பே தெரியும்; அதனால் கதையில் உள்ள ஓட்டை அவர் கண்ணுக்கு எளிதில் படாது. இரண்டாமவர் முதல் வாசகராக இருந்து, ‘இவன் அங்கே எப்படி வந்தான்?’ என்று கேட்க முடியும். அச்சுக்குப் போகும் முன் அக்கேள்வியைக் கேட்க ஒருவர் இருப்பதும், கோபப்படாமல் அதை ஏற்க மற்றவர் இருப்பதும் இணை எழுத்துக்கு அடிப்படை.

குழுவாகச் செயல்திட்டம் எழுதும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். பக்கங்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து எழுதிச் சேர்த்துத் தைப்பது கூட்டுப்பணி ஆகாது. மற்றவர் எழுதிய பக்கத்துக்கும் பொறுப்பேற்கத் துணிவதே கூட்டுப்பணி.