பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு



2009இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் வெகுநாளாகக் கிடந்தது. மறைந்த என் தந்தையாரின் புகைப்படங்கள் அதில் மட்டுமே இருந்தன. அதிலிருந்த விண்டோஸ் 7 பாதி வழியிலேயே நின்றுவிடும். பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். "காயலான் கடைக்குப் போடுங்கள், சார்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸை முயன்று பார்ப்போம் என்று துணிந்தேன். நான் பட்ட பாட்டை எழுதினால், உங்களில் சிலருக்குப் பயன்படலாம்.

லினக்ஸ் என்பது பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் பல வகைகள் உண்டு. என் கணினியில் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே என்பதால், 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஐ, 'எக்ஸ்எஃப்சிஇ' என்னும் எளிய திரையமைப்போடு தேர்ந்தெடுத்தேன். இதற்கு 64 பிட் கணினி வேண்டும். கோப்பு 3 ஜி.பி.க்கு மேல். சென்னையிலிருந்து கடலடிக் கம்பி 2020இல் வந்ததால் இறக்க முடிந்தது. செயற்கைக்கோளை நம்பியிருந்த நாளில் இதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம்.

கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். பிறகு பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்பில், பென் டிரைவுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன். திரை கறுத்துப் போயிற்று. பழைய திரை அட்டைகளில் இப்படி நேர்வதுண்டு. தொடக்கப் பட்டியலில் 'இ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்ததும் படம் தெரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லினக்ஸை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். நிறுவும்போது ஹார்டு டிஸ்க் அழிந்துவிடக்கூடும். ஆகவே முதல் வேலையாக அப்பாவின் படங்களை எல்லாம் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினேன். அதன் பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் நிறுவ உட்கார்ந்தால், பென் டிரைவைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை! பயாஸில் பார்த்தேன். முந்தைய நாள் செய்த மாற்றம் காணோம். தேதியும் 2009 ஜனவரி 1 என்று நின்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தாய்ப்பலகையில் காசு போன்ற சிறு பாட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது தீர்ந்திருந்தது. பெரிய பாட்டரியும் செத்துவிட்டதால், ஒவ்வொரு மின்தடைக்கும் எல்லாம் மறந்து போயிற்று. தேதி தவறினால் இணையத் தளங்களும் திறக்காது. அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் தொடங்கவில்லை' என்று கணினி எண்ணிவிடும்.

படகேறி சாத்தம் போய், சி.ஆர். 2032 பாட்டரி ஒன்றை வாங்கி வந்து மாற்றினேன். சில மாடல்களில் அதைக் கம்பியோடு இணைத்திருப்பார்கள். திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நிறுவும் நடுவில் மின்சாரம் போனால் வேலை கெட்டுவிடும் என்பதால் இன்வெர்ட்டரில் செருகிக்கொண்டேன். வைஃபை அட்டையை லினக்ஸ் அடையாளம் காணவில்லை. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு தேவையான மென்பொருளை இறக்கினேன்.

இப்போது என் மகள் அதில் தமிழ்99 விசைப்பலகையில் ஊரிலுள்ள பாட்டிக்குக் கடிதம் எழுதுகிறாள். திரையில் அவள் தாத்தா சிரிக்கிறார்.

நான் கற்றது இவ்வளவுதான்: முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கு கோளாறு போலத் தெரிந்தாலும், வேர் ஒரு சிறு பாட்டரியாக இருக்கலாம். காயலான் கடை எங்கும் ஓடிவிடாது.